மாப்பிள்ளை போன வீடு

பிப்ரவரி 11

என் சுண்டெலிக்கு,

அக்கா எழுதுவது. நீ சுகமா? இருமல் விட்டதா? நான் இருக்கிறேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

போனில் பேசேன் என்பாய். உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. நீ "அக்கா, அக்கா" என்று கத்துகிறாய், நான் மூக்கை உறிஞ்சுகிறேன், பேச்சு நடக்கிறதா? எழுதினால் நடுவில் எழுந்து போய் அழுதுவிட்டு வந்து மிச்சத்தை எழுதலாம். பிழை இருந்தால் சிரிக்காதே. ஐந்தாவதோடு நின்றவள் நான். எனக்கும் சேர்த்துத்தான் நீ படித்தாயே.

கிடங்கு வீட்டைக் காலி செய்துவிட்டேன். கிடங்குக் காவல்காரருக்குக் கொடுத்த வீடு அது. காவல்காரரே போன பிறகு எனக்கு அங்கே என்ன வேலை? இப்போது சலவைக்கூடத்துக்கு மேலே ஓர் அறை. என்னோடு இரண்டு பெண்கள். ஓட்டல் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இஸ்திரி உருளைக்குள் விடுகிற வேலை. கீழே இறங்கினாலும் வெள்ளைத் துணி, மேலே ஏறினாலும் நான் கட்டியிருப்பது வெள்ளைத் துணி. சிரிக்கலாம், கோபப்பட மாட்டேன்.

நாய் கூடாது என்று வீட்டுக்காரம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். நீ வந்து மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு போயிராவிட்டால் அவரும் நானும் தெருவில்தான் நின்றிருப்போம். உன் அத்தான் அந்தக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "நமக்குப் பொண்ணு பொறக்கலன்னா என்ன, மாப்பிள்ளை வந்துட்டார் பாரு" என்று சிரித்தது நேற்றுப் போல இருக்கிறது. அன்றிலிருந்து நாயை மரியாதையில்லாமல் ஒரு வார்த்தை சொல்லவிட மாட்டார். "மாப்பிள்ளை சாப்பிட்டாரா? மாப்பிள்ளை கோபமா இருக்கார், கிட்டப் போகாதே."

பெண் கொடுக்கிற வீட்டையே நாலு முறை போய்ப் பார்ப்பார்கள். நாம் மாப்பிள்ளையையே கொடுத்திருக்கிறோம். அந்த வீட்டை நன்றாகப் பார்த்தாயா? கதவை ஒட்டிப் படுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். இடி இடித்தால் யாராவது காதைப் பொத்திவிட வேண்டும். இதையெல்லாம் அவர்களிடம் சொன்னாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

பிப்ரவரி 20

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நீ பொய் சொன்னால் எனக்கு எழுத்திலேயே தெரிந்துவிடும்.

மாப்பிள்ளையைப் பற்றிக் கவலையே வேண்டாம். தெருநாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கிற எங்கள் குழுவில் ஒரு நாயைச் சும்மா யார் கையிலும் கொடுத்துவிட மாட்டோம். முதலில் இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போவோம். சுற்றுச்சுவர் இருக்கிறதா, மழைக்கு எங்கே ஒதுங்கும், வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று பார்ப்போம். கொடுத்த பிறகும் படம் அனுப்பச் சொல்லிக் கேட்போம். மாப்பிள்ளை பார்த்த வீட்டார் கூட இவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்!

ஆனால் மாப்பிள்ளை போயிருப்பது அப்படிப்பட்ட சாதாரண வீட்டுக்கு இல்லை. தோட்டத்தம்மாவிடம். ஊருக்கு வெளியே பெரிய இடம், கொட்டகைகள், தனியாளாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். கால் உடைந்தது, கண் தெரியாதது, வயதானது என்று யாரும் எடுக்காத நாயை எல்லாம் எடுப்பார். அவர் வாயிலிருந்து "இல்லை" என்ற சொல்லை எங்களில் ஒருத்தர் கூடக் கேட்டதில்லை. நாங்கள் அவரைக் கடைசி வாசல் என்போம். அவர் வீட்டைச் சோதிக்க ஆள் அனுப்புவது, கோயிலுக்குப் போய்ச் சாமியிடம் அடையாள அட்டை கேட்பது மாதிரி. அவர் மனம் நொந்துபோகும்.

படம் வைத்திருக்கிறேன், பார். எப்படி நிற்கிறார் உன் மாப்பிள்ளை!

முத்தங்களுடன்,
உன் சுண்டெலி

*

மார்ச் 2

சுண்டெலி,

நீ நலமாக இருக்க வேண்டும். படம் வந்தது. உன்னை எப்படி வாழ்த்துவது என்று தெரியவில்லை.

கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்தேன். அறையில் இருப்பவள், "யாருக்கா இது?" என்றாள். "எங்க மாப்பிள்ளை" என்றேன். அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முடி ஜாஸ்தி" என்றாள். உன் அத்தான் போனபிறகு அன்றுதான் சிரித்தேன். சிரித்ததற்காகப் பிறகு அழுதேன்.

முன்னங்காலில் மழித்த இடம் அப்படியே தெரிகிறது. நீ அழைத்துப் போவதற்கு முந்தின நாள் டாக்டர் ஊசி போட மழித்தாரே, அது. பாவம், காலை நக்கிக்கொண்டே இருந்தார்.

ஒன்று கேட்கலாமா? கேட்டுக்கு வெளியே கயிற்றோடு நிற்கிற மாதிரி இருக்கிறது. உள்ளே இருக்கிற மாதிரி ஒரு படம் கிடைக்குமா? அவர் எங்கே படுக்கிறார் என்று தெரிந்தால் எனக்கும் தூக்கம் வரும். இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இங்கிருந்து பஸ் இருக்கிறதாம்.

இப்படிக்கு,
கொஞ்சம் சிரித்த அக்கா

*

ஏப்ரல் 28

அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நலம்தானே? இங்கே ஓய்வே இல்லை. குட்டி போடும் காலம் இது, தினமும் யாராவது கூப்பிடுகிறார்கள்.

புதுப் படம் வைத்திருக்கிறேன். நன்றாக இருக்கிறார்.

நீ போக வேண்டாம் அக்கா. உன்னைப் பார்த்தால் பழைய வீட்டு ஞாபகம் வந்து சாப்பாட்டை நிறுத்திவிடுவார். இப்போதுதான் பழகியிருக்கிறார். அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

உன் தங்கை

*

மே 5

சுண்டெலிக்கு,

சுகம். உன் சுகமும் வேண்டும்.

புதுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். காலில் மழித்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளைக்கு முடி வேகமாக வளரும். ஒருமுறை காயத்துக்காக முதுகை மழித்தபோது உன் அத்தான், "என் தலைக்கு இவர்ல பாதி வளர்ந்தா போதும்" என்றார். இத்தனை நாளில் ஏன் வளரவில்லை? ஏதாவது சொறியா? டாக்டரிடம் காட்டினார்களா?

இந்தப் படம் நீ எடுத்ததா, அந்த அம்மா அனுப்பியதா?

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் நான், உனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். ஒரு வரி எழுது போதும்.

அக்கா

*

ஜூன் 3

சுண்டெலி,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நேற்றுச் சந்தையில் வண்டிக்காரரைப் பார்த்தேன். அன்று மாப்பிள்ளையையும் உன்னையும் ஏற்றிக்கொண்டு போனாரே, அவர்தான். என்னைக் கண்டதும் வெங்காயத்தைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டார். நான் விடவில்லை.

"அண்ணே, எங்க மாப்பிள்ளையை உள்ள கொண்டு போய் விட்டீங்களா?"

"வாசல்ல இறக்கினேன்மா. அவங்க வந்து வாங்கிட்டாங்க."

"உள்ள எப்படி இருந்துச்சு?"

"நான் எங்க உள்ள போனேன்? யாரும் போறதில்ல. வாசல்லதான் கை மாத்துவாங்க."

"என் தங்கச்சி?"

"அவங்களும் வாசல்லதான் நின்னாங்க. போட்டோ எடுத்தாங்க. இப்படி நிக்க வச்சு அப்படி நிக்க வச்சு நாலஞ்சு எடுத்தாங்க."

பிறகு அவர் என் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எட்டிப் பார்க்கலாம்மா. பார்த்துட்டா நாளைக்கு வண்டி எடுக்க மனசு வராது. எனக்கு வண்டி ஓட்டணும்."

நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த படத்தை மட்டும் அனுப்பாதே.

அக்கா

*

ஜூன் 9

அக்கா,

நலம். அவசரமாக எழுதுகிறேன்.

தயவுசெய்து அங்கே போகாதே. போய் எதையாவது கேட்டு அந்த அம்மா மனம் கசந்து கேட்டைச் சாத்திவிட்டால் நாங்கள் எங்கே போவோம்? உனக்கு ஒரு நாய். எனக்குத் தெருவெல்லாம் நாய். வண்டி ஏறி முதுகு உடைந்தது என்று கையில் தூக்கிக்கொண்டு நிற்கும்போது "கொண்டு வாம்மா" என்று சொல்ல அந்த ஒரு ஆள்தான் இருக்கிறார். போன வாரம் கூட இரண்டு அனுப்பினேன்.

கேட்டைத் திறந்து பார்க்கலாம் அக்கா. திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் யார் கையில் வந்து விழும், யோசித்தாயா?

உனக்கு அத்தான் போன துக்கம். அதனால் எல்லாம் கெட்டதாகத் தெரிகிறது.

தங்கை

*

ஜூலை 1

சுண்டெலிக்கு,

நீ நன்றாக இரு. நான் போய்விட்டு வந்தேன்.

பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து நீளமான மண்பாதை. ஆள் உயரத்துக்கு மேல் தகரக் கேட். அங்கே நின்றபோது எதுவோ சரியில்லை என்று பட்டது, என்னவென்று உடனே புரியவில்லை. ஆளைக் கூப்பிடத் தகரத்தைத் தட்டினேன். அப்போது புரிந்தது. ஒன்று கூடக் குரைக்கவில்லை. புது ஆள் வந்து தகரத்தைத் தட்டுகிறேன், அத்தனை நாய் இருக்கிற இடத்தில் ஒரு சத்தம் இல்லை.

வெகுநேரம் கழித்து அந்த அம்மா வெளியே வந்து கேட்டைப் பின்னால் சாத்திக்கொண்டார். என் வயதுதான் இருக்கும். எலும்பும் தோலுமாக இருந்தார். ரவிக்கையைத் திருப்பிப் போட்டிருந்தார், அது அவருக்குத் தெரியவில்லை. கையெல்லாம் பழைய கடி, புதுக் கடி.

"நாயைக் குடுத்தவம்மா. பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் முகம் மலர்ந்தது. "குடுத்தவங்க யாரும் வந்ததே இல்லம்மா. நீங்கதான் முதல் ஆள். உட்காருங்க, உட்காருங்க." மரத்தடியில் ஒரு நாற்காலி. அவரே டீ கொண்டு வந்தார். எந்த நாய் என்றார். மாப்பிள்ளை என்றேன். சிரித்துவிட்டார். "கொடுத்து வச்ச நாய்! செவலையா, கறுப்பா?"

"செவலை. இடது காது மடங்கியிருக்கும்."

"ஆமா, ஆமா. இருக்கு. நல்லா இருக்கு." என் முகத்தைப் பார்க்காமல் டீயைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு தடவை பார்க்கலாமாம்மா?"

"இன்னிக்கு வேண்டாம். பூச்சி மருந்து குடுத்திருக்கேன். புது ஆளைப் பார்த்தா கலைஞ்சிடும்."

அப்போது ஒரு கார் வந்தது. ஒரு பெண் இறங்கினாள், கையில் துண்டில் சுற்றிய நாய். "அம்மா, ஒண்ணே ஒண்ணும்மா. இதுதான் கடைசி."

"நீ போன தடவையும் கடைசின்னுதான் சொன்னே."

"சத்தியமா இதுதான் கடைசிம்மா."

அந்த அம்மா நாயை வாங்கி நெற்றியில் முத்தம் கொடுத்தார். நடிப்பில்லை சுண்டெலி, பெற்றவள் கொடுக்கிற முத்தம். காரில் ஏறும்போது அந்தப் பெண் என்னிடம், "இவங்க தெய்வம்மா" என்றாள். தகரக் கேட் பக்கம் அவள் திரும்பவே இல்லை. உனக்கு அவளைத் தெரிந்திருக்கும்.

"இத்தனையையும் எப்படிம்மா ஒத்தையில பார்க்கிறீங்க?" என்று கேட்டேன்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்னம்மா, முழம் என்ன?" என்றார், நாயைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே.

மரத்தில் ஆணி ஆணியாக அடித்துக் கழுத்துப்பட்டைகளை மாட்டியிருந்தார். சண்டையில் மாட்டிக்கொள்ளும் என்று வந்ததுமே கழற்றிவிடுவாராம். கொத்துக் கொத்தாகத் தொங்கின. அதில் மாப்பிள்ளையுடையது இருந்தது. உன் அத்தான் டார்ச் லைட் வாரில் தைத்துக் கொடுத்தது. கேட்டேன். "எடுத்துக்கோங்க. எது யாருதுன்னு எனக்கு மறந்து போச்சு" என்றார்.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பி நடக்கும்போது காற்று என் பக்கம் அடித்தது. அந்த வாடை எதன் வாடை என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

நீ வா. உன்னோடு சேர்ந்து போனால் அந்த அம்மா கேட்டைத் திறப்பார்.

காத்திருக்கும்
அக்கா

*

ஜூலை 26

சுண்டெலி,

நீ வரவில்லை, எழுதவும் இல்லை. சுகமாகத்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கால்நடை டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். முதலில் அவரும், "அவங்களைப் போய்ச் சந்தேகப்படலாமா?" என்றார். "சந்தேகம் இல்லம்மா, பார்க்கணும். ரெண்டும் வேற" என்றேன். வண்டிக்காரர் வர மாட்டேன் என்றார். டீசலுக்குக் காசு நீட்டியதும் அழுதுவிட்டார். வாங்கவும் இல்லை. வந்தார்.

கேட்டில் தாழ் போட்டிருக்கவில்லை. முதல் அறையில் அந்த அம்மா தரையில் கிடந்தார். காய்ச்சல் கொதித்தது. சுற்றிலும் குட்டிகள். என்னைப் பார்த்து, "வந்துட்டீங்களா? யாராவது வருவாங்கன்னு தெரியும். ரொம்ப நாளா தண்ணி இறைக்க முடியலம்மா" என்றார்.

கொட்டகைகளில் பார்த்ததை எழுத மாட்டேன். நீ கேட்டால் எழுதுகிறேன். டாக்டரம்மா வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார். அவை குரைக்காதது அடக்கத்தால் இல்லை, குரைக்கத் தெம்பு இல்லாததால். பின்பக்கம் மண் முழுவதும் கிளறிக் கிடக்கிறது, புதைத்துப் புதைத்து.

"மாப்பிள்ளை" என்று கூப்பிட்டேன். ஒவ்வொரு கொட்டகையாகப் போய்க் கூப்பிட்டேன். நாலு பேர் முன்னால் நாயை மாப்பிள்ளை என்று கத்த எனக்கு வெட்கமாக இல்லை. கடைசிக் கொட்டகையில் சுவரோரம் கிடந்த ஒன்று வாலைத் தரையில் ஒரு முறை தட்டியது. நான் வேறு நாய் என்றுதான் நினைத்தேன். குனிந்து காதைப் பார்த்தேன். கொண்டு போன பட்டையைக் கட்டினேன், இரண்டு சுற்று வந்தது.

உயிரோடு இருக்கிறார்.

தோட்டத்தம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். செய்தி பரவி உன் குழுப் பெண்கள் சிலர் வந்தார்கள். கேட்டருகே கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆளுக்கு ஒன்றிரண்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மிச்சத்தை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்ததும் எல்லோருக்கும் அவரவர் செருப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. பூனைக்கு மணி கட்டுகிற கதை.

என் அறையில் மாப்பிள்ளைக்கு இடம் இல்லை. இங்கே, தோட்டத்தில், இருக்கிறது. சலவைக்கூடத்தில் சொல்லிவிட்டேன். அந்த அம்மா திரும்பி வரும்வரை நான் இங்கேதான்.

இனி தோட்டத்து விலாசத்துக்கு எழுது.
அக்கா

*

ஆகஸ்ட் 4

என் செல்ல அக்காவுக்கு,

நலம் நலம் நலம்! உன் நலத்துக்கு ஆயிரம் முத்தம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எப்படி அழுதேன் தெரியுமா? இத்தனை நாள் எழுதாததற்கு என்னை அடி, வாங்கிக்கொள்கிறேன். தோட்டத்தம்மாவுக்கு இப்படி ஆகும் என்று யார் நினைத்தோம்? பாவம், வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நீ அங்கே இருப்பதாகக் குழுவில் சொன்னேன். எல்லோருக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. உன்னைத் தெரியாதவர்கள் கூட "அந்த அக்கா" என்றே பேசுகிறார்கள். இனி எங்களுக்குப் பயமில்லை. மாப்பிள்ளையை இவ்வளவு தேடி வந்த உன்னை விட யார் நன்றாகப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை வண்டிக்காரர் வருவார். இரண்டே இரண்டு. ஒன்றுக்குக் கண் தெரியாது, ஆனால் சாது. வந்து இடத்தைப் பார்க்க வேண்டும் என்று குழுவில் ஒரு புதுப் பெண் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் அக்கா வீட்டைச் சோதிக்க ஆள் அனுப்புவதா என்று கேட்டேன். அடங்கிவிட்டாள்.

உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

உன் சுண்டெலி

*

அக்டோபர் 30

சுண்டெலி,

நீ சுகமாக இருக்கிறாய் என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சந்தோஷம்.

மாப்பிள்ளை எழுந்து நடக்கிறார். கதவை ஒட்டித்தான் படுக்கிறார்.

தோட்டத்தம்மா திரும்பவில்லை, ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். சொல்லியிருப்பார்கள். கடைசியாகப் பார்க்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கேட்டை மட்டும் சாத்தி வைக்காதீங்கம்மா" என்றார். அவர் சொன்னது நல்லதுதான். ஆனால் திறந்து வைத்தால் இருப்பது சாலைக்கு ஓடுகிறது. போன மாதம் ஒன்று லாரியில் அடிபட்டது. அதிலிருந்து சாத்திவிட்டேன்.

நீ அனுப்பிய இரண்டும் வந்தன. பிறகு உன் பெயரைச் சொல்லி ஒன்று. பிறகு யார் பெயரும் சொல்லாமல். முதலில் வந்தவர்களிடம் எல்லாம், "உள்ள வாங்க, பார்த்துட்டு அப்புறம் விட்டுட்டுப் போங்க" என்று கெஞ்சினேன். "பரவாயில்லம்மா, உங்க மேல நம்பிக்கை இருக்கு" என்று கும்பிட்டுவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். ஒரு பையன் கும்பிட்ட கையோடு பின்னோக்கியே நடந்தான், தகரத்துக்கு முதுகைக் காட்டினால் ஏதாவது கேட்டுவிடும் என்பது போல.

இல்லை என்று சொல்லலாம். சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன். துண்டுக்குள்ளிருந்து அது என்னைப் பார்க்கிறது. கொண்டு வா என்று என் வாய் சொல்லிவிடுகிறது.

வண்டிக்காரர் இறக்கிவிட்டு நிற்பதே இல்லை. டாக்டரம்மா வருவதும் குறைந்துவிட்டது. போன முறை வந்தபோது மூலையில் கிடந்த ஒன்றைக் காட்டி, "இது பேரு என்னம்மா?" என்றார். சட்டென்று வரவில்லை. அவர் போன பிறகும் வரவில்லை. கிணற்று ராட்டினக் கயிறு அறுந்துவிட்டது, தண்ணீரைக் குடத்தில் தூக்குகிறேன். தோள் வீங்கியிருக்கிறது. கொஞ்ச நாளாகச் சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறது. இதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று எழுதப் போனேன். எழுதவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்.

வாசலில் கூப்பிட்டால் இப்போது நானும் உடனே போவதில்லை. உள்ளே வாங்க என்று சொல்வதையும் விட்டுவிட்டேன். நேற்று ஒரு பெண் வந்து கேட்டில் கையை வைத்தாள், திறக்கத்தான். "இன்னிக்கு வேண்டாம்மா, பூச்சி மருந்து குடுத்திருக்கேன்" என்றேன். கொடுத்திருக்கவில்லை. அவள் சரி என்று போய்விட்டாள். நான் தகரத்தில் சாய்ந்துகொண்டு காது கொடுத்துக் கேட்டேன். எனக்குப் பின்னால் ஒரு சத்தம் இல்லை.

அக்கா கைக்குப் போனால் கவலையே வேண்டாம், எல்லாம் அங்கே நன்றாக இருக்கிறது என்று நீ எல்லோரிடமும் சொல்கிறாயாம்.

சுண்டெலி, வந்து பார்க்காமல் உனக்கு அது எப்படித் தெரியும்?